அட்டவணையை அணுவுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள்

அணுவை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டால் ஆவர்த்தன அட்டவணை தானாகப் புரிந்துவிடும் என்பது நம் பள்ளிகளில் ஏறக்குறையச் சட்டமாகிவிட்ட நம்பிக்கை. பாடநூல் எழுதுவோர், டியூஷன் நடத்துவோர், யூடியூபில் வேதியியல் விளக்குவோர் எல்லாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான், நடுவில் உட்கரு, சுற்றிலும் வட்டங்கள், முதல் வட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு. இவ்வளவும் கைவந்த பிறகு, கடைசி வட்டத்தில் ஒரே எண்ணிக்கை உள்ளவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் அட்டவணை தயார். தமிழ்நாட்டுப் பாடநூலிலும் ஒன்பதாம் வகுப்பில் அணு அமைப்பு முதலில் வருகிறது, வகைப்பாட்டு அட்டவணை அடுத்து வருகிறது, வேதிப்பிணைப்பு அதற்கும் அடுத்து. காரணம் முதலில், காரியம் பிறகு. கேட்பதற்குப் பழுதில்லாத தர்க்கம்தான்.

இந்த வரிசை தலைகீழானது என்கிறேன். அட்டவணை முதலில் வர வேண்டும், அணுவின் உள்ளமைப்பு அதற்குப் பின்னால் வர வேண்டும். அட்டவணை என்பது பொருள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதன் பதிவு. எலக்ட்ரான் வட்டங்கள் அந்த நடத்தைக்கு மனிதர்கள் தேடிக் கண்ட விளக்கம். நடத்தையைப் பார்க்காத பிள்ளையிடம் விளக்கத்தைக் கொடுப்பது, விடுகதையைப் போடுமுன் விடையைச் சொல்லிவிட்டு, யாருமே வியக்கவில்லையே என்று குறைப்படுவதற்குச் சமம்.

முதலில், நடந்தது என்ன என்று பார்ப்போம். 1869இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் திமித்ரி மெண்டெலீவ் தம் மாணவர்களுக்காக ஒரு வேதியியல் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார். அட்டவணை பிறந்தது அந்தப் பாடநூலின் பொருளடக்கச் சிக்கலில். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இதை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம். முதல் பாகத்தின் முடிவில் குளோரின், புரோமின், அயோடின் அடங்கிய ஹாலஜன்கள் வந்துவிட்டன. இரண்டாம் பாகம் சோடியம், பொட்டாசியத்தோடு தொடங்கியது. அடுத்து எந்தக் குடும்பம்? அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களை எந்த ஒழுங்கில் மாணவனுக்கு அறிமுகம் செய்வது? அணு நிறைகளை வைத்துப் பார்த்தபோது இரண்டு குடும்பங்களும் அக்கம்பக்கத்தில் வந்து நின்றன. குளோரின் 35.5, பொட்டாசியம் 39. புரோமின் 80, ருபீடியம் 85. அயோடின் 127, சீசியம் 133. ஒவ்வொரு ஹாலஜனையும் ஒரு கார உலோகம் தொடர்ந்து வந்தது.

எலக்ட்ரான் என்ற ஒன்று அப்போது யாருக்கும் தெரியாது. ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தது 1897இல். ரூதர்ஃபோர்டின் உட்கரு 1911இல். மெண்டெலீவோ 1907இல் இறக்கும்வரை அணுவுக்குள் அதைவிடச் சிறிய துகள் இருக்கிறது என்பதை மனமார ஏற்கவே இல்லை. அப்படிப்பட்டவர் 1871இல் தம் அட்டவணையின் காலியிடங்களைக் காட்டி, அங்கே வரப்போகும் தனிமங்களின் குணங்களை எண்களோடு எழுதிவைத்தார். அலுமினியத்துக்குக் கீழே ஒன்று வரும், அணு நிறை 68 அளவில் இருக்கும், அடர்த்தி 5.9 என்றார். 1875இல் பிரான்சில் லெகோக் த புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்தார். அவர் அளந்த அடர்த்தி 4.7. அந்த உலோகத்தைக் கண்ணால் கூடப் பார்க்காத மெண்டெலீவ், உங்கள் மாதிரி சுத்தமாக இல்லை, இன்னொரு முறை தூய்மை செய்து அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தார்கள். 5.9 வந்தது. சிலிக்கானுக்குக் கீழே 72 நிறையும் 5.5 அடர்த்தியும் கொண்ட ஒன்று வரும் என்றார். 1886இல் ஜெர்மனியில் விங்க்ளர் கண்ட ஜெர்மானியம் அந்த இடத்தில் ஏறக்குறைய அதே எண்களோடு வந்து உட்கார்ந்தது. இடையில் 1879இல் ஸ்காண்டியம் வந்தது. ஓர் எலக்ட்ரானைக்கூட எண்ணாமல் சொன்ன ஆரூடங்கள் இவை.

இங்கே மறுப்பாளர் குறுக்கிடுவார். வரலாறு நடந்த வரிசையில்தான் பாடம் நடத்த வேண்டுமா? சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்பதில் தொடங்கித்தான் வானியல் சொல்லித்தர வேண்டுமா? நியாயமான கேள்வி. வரலாறு அப்படி நடந்தது என்பதற்காக நான் வரிசையை மாற்றச் சொல்லவில்லை. எலக்ட்ரான் அமைப்பிலிருந்து அட்டவணை வருகிறது என்ற கூற்றே, பள்ளியில் சொல்லப்படும் வடிவில், உண்மையில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. ஆண்டுக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு அறிவியலை மட்டும் பார்த்தாலும் அது உண்மையில்லை.

நீல்ஸ் போரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை காம்பஸ் வைத்து வரையும் வட்டங்களுக்கு அவர்தான் மூலவர். 1913இல் அவர் அணுக்களுக்கு எலக்ட்ரான் வளையங்களைப் பகிர்ந்து ஒரு பட்டியல் தந்தார். அதில் கார்பனுக்கு உள்ளே இரண்டு, வெளியே நான்கு. நைட்ரஜனுக்கு உள்ளே நான்கு, வெளியே மூன்று. கார்பனில் இரண்டாக இருந்த உள்வளையம் அடுத்த தனிமத்தில் எப்படி நான்கானது? நைட்ரஜனின் இணைதிறன் மூன்று என்று வேதியியல் சொன்னது. வெளியே மூன்றுதான் இருக்க வேண்டும் என்றால் மீதி நான்கையும் உள்ளே தள்ளித்தானே ஆக வேண்டும்? அட்டவணை சொன்னதற்கு ஏற்ப அவர் எலக்ட்ரான்களை அடுக்கினார். நைட்ரஜனுக்கு அந்த எண்கள் பிறகு தவறென்று ஆகி, இரண்டு, ஐந்து என்று மாறின. நைட்ரஜனின் இடம் மட்டும் மாறவில்லை. 1921ஐ ஒட்டி அவர் எல்லாத் தனிமங்களுக்கும் திருத்திய பகிர்வைத் தந்தபோதும் அடிப்படைச் சான்றுகள் நிறமாலையும் தனிமங்களின் வேதிக் குணங்களும்தான். 72ஆம் தனிமம் அருமண் உலோகமாக இராது, சிர்கோனியம்போல இருக்கும் என்று அவர் முடிவுகட்டினார். கோப்பன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் சிர்கோனியம் தாதுவில் தேடி ஹாஃப்னியத்தைக் கண்டதை 1923இல் அறிவித்தார்கள். எலக்ட்ரான் கொள்கைக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது, மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையில் 72இன் இடத்துக்கு மேலே சிர்கோனியம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, எலக்ட்ரான் பகிர்வு என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் எண்களில் பெரும்பகுதி அட்டவணையைப் பார்த்து எழுதப்பட்டது. அந்த எண்களை வைத்து அட்டவணையை "வருவித்துக்" காட்டுவது வட்டத் தர்க்கம். ஆசிரியர் அப்படி நினைத்து நடத்தவில்லை என்று தெரியும். பிள்ளையின் மனதில் பதிவது அதுதான்.

சரி, பள்ளியில் சொல்லித்தரும் அணு மாதிரி அட்டவணையை எவ்வளவு தூரம் விளக்குகிறது என்று சோதித்துப் பார்க்கலாம். வட்டத்தின் எண்ணை வர்க்கமாக்கி இரண்டால் பெருக்கினால் அந்த வட்டம் எத்தனை எலக்ட்ரான் கொள்ளும் என்பது விதி. முதல் வட்டம் இரண்டு, இரண்டாவது எட்டு, மூன்றாவது பதினெட்டு. பொட்டாசியத்துக்கு 19 எலக்ட்ரான். விதிப்படி இரண்டு, எட்டு, ஒன்பது என்று வர வேண்டும். புத்தகத்தில் இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று என்று இருக்கிறது. மூன்றாம் வட்டத்தில் இன்னும் பத்துக்கு இடமிருக்க, பத்தொன்பதாவது ஏன் நான்காவதுக்குப் போனது? சூட்டிகையான பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வியைக் கேட்கும். கடைசி வட்டத்தில் எட்டுக்குமேல் கூடாது என்பது வழக்கமான பதில். ஏன் கூடாது? எட்டு இருந்தால் நிலைத்தன்மை. அது எப்படித் தெரியும்? எட்டு எலக்ட்ரான் கொண்ட ஆர்கான் எதோடும் வினைபுரிவதில்லையே! ஆர்கான் வினைபுரியாது என்பது எலக்ட்ரானை எண்ணித் தெரிந்துகொண்டதல்ல. 1894இல் ராலேயும் ராம்சேயும் காற்றிலிருந்து அதைப் பிரித்து, எதோடு சேர்த்தும் அசையாததைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கேள்வி கேட்ட பிள்ளையை மூன்று சுற்றுச் சுற்றி மறுபடி பொருளின் நடத்தைக்கே கொண்டுவந்து விட்டிருக்கிறோம். அங்கிருந்தே தொடங்கியிருக்கலாமே.

பொட்டாசியத்தை எப்படியோ சமாளித்தாலும் இரும்பில் மாட்டிக்கொள்வோம். கடைசி வட்டத்து எலக்ட்ரான் எண்ணிக்கையைப் பார், தொகுதி எண் வந்துவிடும் என்பது தேர்வுக்கான சூத்திரம். மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் பத்தைக் கூட்டிக்கொள் என்று ஒரு பின்குறிப்பு. ஏன் பத்து என்று யாரும் சொல்வதில்லை. இரும்பின் பகிர்வு இரண்டு, எட்டு, பதினான்கு, இரண்டு. கடைசியில் இரண்டு, ஆகவே மக்னீசியத்தோடும் கால்சியத்தோடும் இரண்டாம் தொகுதியில் இருக்க வேண்டும். இரும்பு எட்டாம் தொகுதியில் இருக்கிறது. துத்தநாகத்துக்கும் கடைசியில் இரண்டு, அது பன்னிரண்டாம் தொகுதியில் இருக்கிறது. சூத்திரம், ஹீலியம் நீங்கலாக, முதல் இருபது தனிமங்களில் ஓடும், இருபத்தொன்றில் நின்றுவிடும். இருப்பவை 118.

இதனால்தான் முதல் இருபது தனிமங்களை மட்டும் பிள்ளைகளிடம் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அந்த இருபதில் பெரிலியம் உண்டு, போரான் உண்டு, ஸ்காண்டியத்துக்கு ஒரு படி முன்னால் கால்சியத்தோடு பட்டியல் முடிகிறது. இரும்பு இல்லை, செம்பு இல்லை, துத்தநாகம் இல்லை. வெள்ளி, தங்கம், பாதரசம், ஈயம் ஒன்றும் இல்லை. அயோடின் உப்பு வாங்காத வீடு இல்லை, அயோடினும் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்குமுன்பே கையால் தொட்டறிந்த உலோகங்களில் அலுமினியத்தைத் தவிர அநேகமாக எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பெயரை மட்டும் கேட்ட வாயுக்களையும் கண்ணாலேயே பார்க்காத பெரிலியத்தையும் வைத்து வேதியியலை அறிமுகம் செய்கிறோம். கேட்டால், எளிமையிலிருந்து கடினத்துக்குப் போகிறோம் என்கிறார்கள்! வட்டம் வரைய எளிமையானதை எடுத்துக்கொண்டார்கள் என்பதே உண்மை.

செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் அட்டவணையில் ஒரே செங்குத்து வரிசையில் நிற்கின்றன. செம்புக்குடம் நாளடைவில் கறுக்கிறது, பச்சை பூக்கிறது. வெள்ளிக்கொலுசு கொஞ்சம் தாமதமாக மங்குகிறது. பாட்டியின் தங்கத் தோடு அப்படியே இருக்கிறது. மூன்றையும் கம்பியாக நீட்டலாம், தகடாக அடிக்கலாம், மூன்றும் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும், உலகெங்கும் நாணயம் அடித்தது இவற்றில்தான். இரும்பு, கோபால்ட், நிக்கல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, மூன்றையும் காந்தம் இழுக்கும். இதைப் பார்க்க எலக்ட்ரான் வேண்டாம். பார்த்த பிறகு, ஏன் இப்படி என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்தக் கேள்வி எழுந்த வகுப்பில்தான் எலக்ட்ரானுக்கு வேலை இருக்கிறது.

ஹீலியத்தையும் விடக் கூடாது, எலக்ட்ரான் எண்ணிக்கைதான் எஜமான் என்போருக்கு அது நல்ல தலைவலி. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென் காத்திருந்தார், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் காத்திருந்தார். சூரிய விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோடுபோல இருந்தது, ஆனால் சோடியம் இல்லை என்பதை வானியலாளர் லாக்யர் பிறகு நிலைநாட்டினார். 1895இல் ராம்சே அந்தக் கோட்டுக்குரிய ஹீலியத்தைப் பூமியிலேயே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து பிடித்தார். அந்த ஹீலியத்துக்கு இரண்டே எலக்ட்ரான். எண்ணிக்கைப்படி பெரிலியத்துக்கும் மக்னீசியத்துக்கும் மேலே இரண்டாம் தொகுதியில் உட்கார வேண்டியது. நாம் அதை நியானுக்கு மேலே பதினெட்டாம் தொகுதியில் வைத்திருக்கிறோம். ஏன்? அது மந்த வாயுபோல நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். எண்ணிக்கையும் நடத்தையும் மோதிய இடத்தில் வேதியியலாளர்கள் நடத்தையின் பக்கம் நின்றார்கள். பாடநூல் இதை ஒரு விதிவிலக்கு என்று அரை வரியில் கடந்துவிடுகிறது.

அணு முதலில் என்ற வரிசை செய்யும் பெரிய கெடுதல் இதற்கும் அடுத்தது. வட்டங்களை வரைந்து பழகிய பிள்ளைக்கு அணுக்கள் ஆசைபிடித்த ஆட்கள் ஆகிவிடுகின்றன. சோடியம் தன் ஒற்றை எலக்ட்ரானைக் கொடுத்துவிட "விரும்புகிறது". குளோரின் ஒன்றை வாங்க "ஏங்குகிறது". இரண்டும் சந்தித்து, கொடுத்து வாங்கி, எட்டு நிறைந்து மகிழ்ச்சியாக உப்பாகின்றன. அளவீடு வேறு கதை சொல்கிறது. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கோர் எலக்ட்ரானைப் பிடுங்க ஏறத்தாழ 496 கிலோஜூல் செலவழிக்க வேண்டும். குளோரின் அணுக்கள் அவற்றை வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோஜூல்தான். கொடுக்கல் வாங்கலில் 147 நட்டம். இந்த நட்டத்தை ஈடுகட்டுவது, நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் நெருங்கி அடுக்கிப் படிகமாகும்போது வெளிவரும் 787 கிலோஜூல் அளவான ஆற்றல். உப்பு உண்டாவதற்குக் காரணம் அந்தப் படிகம். எந்த அணுவுக்கும் எட்டு எலக்ட்ரானில் ஆசையில்லை. பதினோராம் வகுப்பு ஆசிரியர்கள் இந்தக் கணக்கை நடத்தும்போது, ஒன்பதாம் வகுப்பில் பதிந்த ஆசைக் கதையை அழிப்பதற்குள் அவர்களுக்குப் போதும்போதும் என்றாகிவிடுகிறது. கல்லூரி முடித்து வருகிறவர்களிடமும் அந்தக் கதைதான் அழியாமல் இருக்கிறது.

அட்டவணையை அணுவின் வால் என்று நினைத்தால் அந்த வாலை ஒரு நாள் வெட்டத் தோன்றும். தோன்றியது. பெருந்தொற்றுக் காலத்தில் சுமை குறைப்பு என்று தொடங்கிய என்சிஇஆர்டி, 2023இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு என்ற அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிட்டது. பதினொன்றில் படித்துக்கொள்ளலாம் என்பது சமாதானம். பதினொன்றில் வேதியியல் எடுக்காத பிள்ளைகளுக்கு? அவர்கள் வாழ்நாளில் அட்டவணையைப் பாடமாகப் பார்க்க வேண்டியதில்லை என்று பொருள். அதே நேரத்தில் ஒன்பதாம் வகுப்பில் அணுவின் அமைப்பு என்ற அத்தியாயம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆழமான விளக்கம் எதுவோ அதை வைத்துக்கொள், அதிலிருந்து வருவிக்கக்கூடியது எதுவோ அதை விட்டுவிடலாம் என்று நினைப்பவர் செய்யக்கூடிய வேலைதான் இது. அதே நூலிலிருந்து பரிணாமப் பாடமும் நீக்கப்பட்டதற்கு நாடு முழுவதும் எழுந்த கோபத்தில் கொஞ்சம் இதற்கும் சேர்ந்து கிடைத்தது, தனியாகக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டம் அந்த வெட்டைச் செய்யவில்லை. ஆனால் அந்த வெட்டுக்குக் காரணமான வரிசை நம்மிடமும் அப்படியே இருக்கிறது.

வேறு என்ன சொல்வார்கள்? நேரம் இல்லை என்பார்கள். அட்டவணையை முதலில் நடத்த அதிக நேரம் ஆகாது. கரும்பலகையில் ஏழு பெயர்களை வரிசையாக எழுதுங்கள்: சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின். ஒவ்வொன்றும் ஆக்சிஜனோடு தன் உயர்ந்தபட்ச ஆக்சைடைத் தரும்போது, அந்தத் தனிமத்தின் இரண்டு அணுக்களுக்கு எத்தனை ஆக்சிஜன் அணு என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. அடுத்து பொட்டாசியத்தை எழுதுங்கள். மறுபடி ஒன்று. கால்சியம், மறுபடி இரண்டு. வகுப்பில் யாரோ ஒருவர் அடுத்ததைத் தாமாகச் சொல்லிவிடுவார். ஆவர்த்தனம் என்பது இதுதான், மெண்டெலீவ் நம்பியிருந்த வலுவான சான்றுகளில் ஒன்றும் இதுதான். இணைதிறன் என்பதும் இங்கேயே பிறந்துவிடுகிறது, வட்டம் எதுவும் வரையாமல்.

ஆய்வுக்கூடம் இல்லை என்பார்கள். மக்னீசியம் நாடா இல்லாத பள்ளி அரிது. குளிர்ந்த நீரில் அதைப் போட்டால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. கால்சியத் துண்டைப் போட்டால் நுரைத்துக் கிளம்பும், பினாப்தலீன் சொட்டுவிட்டால் இளஞ்சிவப்பாகும். செங்குத்து வரிசையில் கீழே போகப் போக வேகம் கூடுகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கால்சியமும் இல்லையென்றால், பொட்டாசியம் அயோடைடு கரைசலில் நீர்த்த பிளீச்சிங் பவுடர் கரைசலைக் கொஞ்சம் விடுங்கள். பழுப்பு நிறம் வரும். குளோரின், தன் குடும்பத்து அயோடினை வெளியே தள்ளிவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆசிரியரே செய்து காட்ட வேண்டியது இது.

கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் வேறொன்று சொல்வார்கள். மெண்டெலீவின் அடிப்படை அணு நிறை, இன்றைய அடிப்படை அணு எண், பிழையானதை முதலில் சொல்லிப் பிறகு திருத்துவது குழப்பாதா? இந்த மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் விடை மறுப்பாளருக்கு எதிராகத்தான் இருக்கிறது. அணு எண் என்பதன் அருமை, நிறை எங்கே உதைக்கிறது என்று பார்த்தவருக்குத்தான் தெரியும். டெலூரியத்தின் நிறை 127.6, அயோடின் 126.9. நிறைப்படி அயோடின் முன்னால் வர வேண்டும். அப்படி வைத்தால் அயோடின் புரோமினின் குடும்பத்திலிருந்து விலகிக் கந்தகத்தின் குடும்பத்துக்குப் போய்விடும். மெண்டெலீவ் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார், டெலூரியத்தின் நிறையைத் தவறாக அளந்திருக்கிறார்கள் என்றார். இடம் சரி, சொன்ன காரணம் தவறு. பிறகு ஆர்கான் வந்தது, பொட்டாசியத்தைவிடக் கனமாக. கோபால்ட், நிக்கல் ஜோடியிலும் அதே உதைப்பு. 1913இல் மான்செஸ்டரில் ஹென்றி மோஸ்லி தனிமங்களின் எக்ஸ் கதிர்களை அளந்து, நிறைக்குப் பின்னால் வேறோர் எண் ஒளிந்திருக்கிறது, அது ஒன்று ஒன்றாக ஏறுகிறது என்று காட்டினார். டெலூரியம் 52, அயோடின் 53. நாற்பது ஆண்டு முடிச்சு அவிழ்ந்தது.

நவீன ஆவர்த்தன விதி என்று ஒரு வரியை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடைப்பதில்லை. டெலூரியத்தில் ஒரு முறை தடுக்கி விழுந்த பிள்ளைக்கு அணு எண் ஒரு விடுதலை. அதற்கு அடுத்த நாள் உட்கருவையும் எலக்ட்ரானையும் கொண்டுவாருங்கள், அதன் பிறகு பிணைப்பை. தேர்வில் கேட்கும் எதுவும் விட்டுப்போகாது. அதே பக்கங்கள்தான், வரிசைதான் வேறு. பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான் ஏன் நான்காம் வட்டத்துக்குப் போகிறது என்று கேட்கும் பிள்ளையிடம், அது சோடியம்போல நடந்துகொள்வதை நீ பார்த்தாய், ஆகவே அதன் கடைசி எலக்ட்ரானும் தனியாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள், முழுக் காரணம் பதினோராம் வகுப்பில் வரும் என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம்.

அட்டவணையின் அடியில் தனியாகத் தொங்கும் இரண்டு வரிசைகளை யாரும் நடத்துவதில்லை. வட்டம் வரைந்து அங்கே போக வழியில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் இருக்கின்றன, தோரியமும் இருக்கிறது. மேல்வரிசைக்காரர்களில் பலர் ஒரே மண்ணில் சேர்ந்து கிடைக்கிறார்கள், கீழ்வரிசையிலிருந்து ஒருவர் கூடவே வருகிறார். ஒன்றைப்போல ஒன்று நடந்துகொள்வதால்தான் சேர்ந்து கிடைக்கின்றன, அதனால்தான் பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அட்டவணையின் அந்த மூலை, பெரிலியத்தைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

பாடநூல் குழுவில் இருப்பவர்களுக்கு: அடுத்த திருத்தத்தில் ஒன்பதாம் வகுப்பின் அணு அமைப்பு, வகைப்பாட்டு அட்டவணை ஆகிய இரண்டு அலகுகளையும் இடம் மாற்றி அச்சிடுங்கள், முதல் இருபது என்ற வேலியை எடுத்துவிட்டு இரும்பையும் செம்பையும் அயோடினையும் உள்ளே விடுங்கள். ஆசிரியர்களுக்கு: அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அணு அமைப்பைத் தொடங்குவதற்கு முந்தைய பீரியடில் அந்த ஏழு ஆக்சைடுகளைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.